இரண்டு வகுப்புக்கும் ஒரே கணக்கு டீச்சர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே ஒரு கலாட்டா நடந்தது. எதிர்வீட்டில் துணி தேய்க்கும் அக்காவின் மகள் என்னிடம் பாவாடை மடிப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்தவள், உன் தம்பியின் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நகரவே இல்லை. ஏனடி என்றேன். "கணக்கு டீச்சர் எங்க பின்கட்டடத்துப் பக்கமே வர்றதில்ல அத்தை, பி.டி. மாஸ்டர்தான் வந்து சத்தம் போடாதீங்கன்னுட்டுப் போவாரு" என்றாள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பரீட்சை, படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உன் தம்பி மாதிரி எப்படியோ உள்ளே நுழைந்தவர்களும் முன்கட்டடத்தில், மற்றவர்கள் பின்னால். எனக்கு மனசு கேட்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டே விட்டேன், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்க பையனுக்கு என்னம்மா குறை என்றார் ஹெட்மாஸ்டர். "அவனுக்குக் குறை இல்ல சார், அதனாலதான் தைரியமா கேக்குறேன்" என்றேன். அதுகளோட சேர்த்தா நம்ம பிள்ளைங்க படிப்பு கெட்டுடும் என்று பின்னாலிருந்து டாக்டரம்மா முணுமுணுத்தார். அப்போது கணக்கு டீச்சரே எழுந்து, கீழே பெரிய ஹாலில் சேர்த்து உட்கார வைத்தால் இரண்டு வகுப்புக்கும் நானே எடுக்கிறேன் சார் என்றார், ஹெட்மாஸ்டரால் மறுக்க முடியவில்லை. டாக்டரம்மா மறுநாளே வந்து, தைக்கக் கொடுத்திருந்த துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார், நானும் சிரித்த முகமாகவே மடித்துக் கொடுத்தேன்.

இப்போது பரீட்சை முடிந்து மார்க் வந்திருக்கிறது. எப்போதும் கணக்கில் முதலாவதாக வரும் உன் தம்பி இரண்டாவது, எதிர்வீட்டுப் பெண் முதலாவது. எல்லாம் உன்னாலதான் என்று அவன் என்னிடம் பேசவே இல்லை. உன்னிடம் மறைப்பானேன், நான் கேட்டு வாங்கிய நியாயம்தான், ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தையல் நேராகவே ஓடவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா தேய்த்த துணியைக் கொடுக்க வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், அதற்கப்புறம்தான் சரியானது. உன் தம்பி சற்றுமுன் நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான், கடைசிக் கணக்கை அவள் எப்படிப் போட்டாள் என்று தெரியணுமாம். மூஞ்சி இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறது.

நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். தம்பிக்கு போன் போட்டால் எத்தனையாவது வந்தாய் என்று கேட்காதே, எதிர்வீட்டில் என்ன கற்றுக்கொண்டு வந்தாய் என்று கேள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா