சீட்டின் அடியில் ஒரு பெயர்

அன்புள்ள உனக்கு,

நீ கோபித்துக்கொண்டு போய்ப் படுக்கிற படகுக்கொட்டகையில் ஃபியோர்டிலிருந்து வரும் கடல் காற்று குளிரும். கம்பளிக் காலுறைகளைப் பக்கத்து வீட்டு அஸ்லாக்கிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாம் இருவரும் எதிரெதிர்க் கட்சி வேட்பாளர்களாக நின்ற நகராட்சித் தேர்தல் மேடையில், என்னைக் கம்யூனிஸ்ட் என்றாய். "முதலாளிக்கு வால் பிடிக்கிறவரு பேசுறாரு, கேளுங்க!" என்று நானும் கைதட்டல் வாங்கினேன். பள்ளிக்கூடத்தை மூடக்கூடாது என்று நாம் இருவருமே சொல்ல வந்தது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் எங்கள் கட்சிக் கூடாரத்தில் வாக்காளர்களுக்குக் கொடுக்க வாஃபிள் அப்பம் சுடும்போது மீன்கடை குன்வோர் வந்தாள்.

"ஏன்டி, உன் புருஷனே சொல்றானே, நெசமாவே கம்யூனிஸ்டா நீ?"

"ஐயோ, இல்லவே இல்ல!"

"அப்ப என்னதான் நீ?"

"ஜாம் வேணுமா?" என்றேன்.

பிறகு யோசித்தேன். அந்தச் சொல்லைக் கேட்டால் உனக்கு வரி ஞாபகம் வருகிறது, எனக்கு அப்பாவின் தொழிற்சங்கம். என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று நான் கேட்கவே இல்லை. உடனே திருப்பி அடித்தேன்.

வாக்குச்சாவடியில் கட்சிக்கு ஒன்றாக அடுக்கியிருந்த வாக்குச் சீட்டுகளில் என் கட்சிச் சீட்டைத்தான் எடுத்தேன். அதன் அடியில் வேறு கட்சி வேட்பாளர்களின் பெயரை எழுதி அவர்களுக்கும் ஓட்டுப் போட இடம் உண்டே, அங்கே உன் பெயரை எழுதினேன். கட்சிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

நேற்று முடிவு வந்தது. உன் கட்சிச் சீட்டுகளில் ஒன்றே ஒன்றில் என் பெயர் எழுதியிருந்ததாம்.

"எவனோ கிறுக்கன்," என்று சிரித்தாள் குன்வோர்.

"கிறுக்கனேதான்," என்றேன்.

வீட்டுக் கதவைப் பூட்டவில்லை.

உன்
கம்யூனிஸ்ட்