இல்லை என்று நான் சொன்ன புல்லாங்குழல்

அன்பு மாப்பிள்ளை இப்ராகிமுக்கு,

நீ போய் ஐந்து வருஷமாகிறது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கும் கேபிள் டிவி வந்துவிட்டது. போன வாரம் அதில் அந்தப் படத்தைப் போட்டார்கள். எந்தப் படம் என்று நீ கேட்க மாட்டாய்.

அது வெளியான சமயம் உனக்கு நினைவிருக்கிறதா? பாட்டுக் கேசட்டை முதல் ஆளாக வாங்கியவன் நான். நம் இசையமைப்பாளர் எந்தப் பாட்டை எந்த ராகத்தில் போட்டிருக்கிறார் என்று டீக்கடையில் சொல்லக்கூடியவனும் நான்தான். உனக்கு ஒரு ராகத்தின் பேரும் தெரியாது. எங்கள் ஊர் மில்லில் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சாக வந்து உட்கார்ந்து, "பாட்டை விடுங்கலே. அவ அழுகையில பின்னாடி ஒத்த வயலின் வருது, கேட்டியளா?" என்பாய். அவ்வளவுதான், டெய்லர் பாண்டி முதல் எல்லாரும் உன் பக்கம் திரும்பிவிடுவார்கள். என் ராகம் பாதியில் நிற்கும். எனக்கு வயிறு எரியும் மாப்பிள்ளை. நன்றாகவே எரியும்.

நாங்கள் படத்தை இங்கே பார்த்தோம். நீ உங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னாய். "வீட்டைப் பூட்டிட்டு அவ சாவியோட நிக்கா. செத்த நேரம் ஒரு சத்தமும் இல்ல. பொறவு அந்தக் கல்யாணப் பாட்டு மெட்டு ஒத்தப் புல்லாங்குழல்ல வருதுலே. எனக்கு அழுகை வந்துருச்சு."

எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நாங்கள் பார்த்ததில் அவள் சாவியோடு நின்றாள், உடனே அடுத்த காட்சி வந்துவிட்டது. "நீ போய் ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்லே" என்று பாண்டி என்னை அனுப்பினான்.

மறுநாள் மேட்னிக்கு உங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன். புல்லாங்குழல் வந்தது. நீ சொன்னதைவிட நன்றாக இருந்தது. தினம் ஒரு ஷோ கூடுதலாக ஓட்டுவதற்காக எங்கள் தியேட்டர்காரர் பிலிமை வெட்டியிருக்கிறார் என்று அங்கேயே புரிந்துவிட்டது. நானும் அழுதேன். அழுதுகொண்டே, இதையும் இவன்தான் முதலில் கேட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து எல்லார் முன்னாலும், "அப்படி ஒண்ணும் இல்லலே" என்றேன்.

நீ சண்டைக்கு வருவாய் என்று பார்த்தேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் மச்சான். மில்லுச் சத்தத்துல என் காது கெட்டுருச்சு போல" என்றாய்.

அதன் பிறகு நீ பேசுவது குறைந்தது. எந்தப் பாட்டைக் கேட்டாலும், "இப்பத் தபேலா வந்துச்சா மச்சான், இல்ல எனக்குத்தான் கேக்குதா?" என்று என்னிடம் கேட்பாய். போயும் போயும் என்னிடம்! மெஷின் பக்கமே வேண்டாம் என்று, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, குடோனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்தானே? டீக்கடையில் எல்லாரும் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை. மஞ்சள்காமாலையில் நீ படுத்துக் கிடந்தபோதும் சொல்லவில்லை.

டிவியில் படம் முழுசாக ஓடியது. பாண்டி தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஏலே முருகேசா, இப்ராகிம் சொன்ன புல்லாங்குழல் இருக்குலே! எம்புட்டு நல்ல காதுலே அவனுக்கு! நீ போய்ப் பாத்தியே, உனக்கு எப்படிலே கேக்காமப் போச்சு?"

"அன்னைக்குச் செத்த நேரம் கண்ணசந்துட்டேன் போல" என்றேன். இன்னொரு பொய்.

ஒரு வாரமாக டீக்கடையில் உன் பேச்சுத்தான். செத்தும் நீயே ஜெயிக்கிறாயே என்று இப்போதும் எரிகிறது. வெட்கமாகவும் இருக்கிறது. உன் கபரடிக்கு வந்து தனியாகச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் பொய்யை எல்லார் முன்னாலும் அல்லவா சொன்னேன்?

வருகிற ஞாயிறு இந்தக் கடிதத்தைப் பாண்டி கையில் கொடுத்து, டீக்கடையில் உரக்க வாசிக்கச் சொல்வேன். அவன் வாசித்து முடிக்கும்வரை எழுந்து போக மாட்டேன். உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை மாப்பிள்ளை. கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.

உன் மச்சான்,
முருகேசன்