தங்க வர்ணம் பூசிய சிலிண்டர்

புது பெயிண்டும் சந்தனமும் கலந்த அந்த வாடை இன்று காலை மறுபடியும் கடைக்குள் வந்துவிட்டது. மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன், பளபளவென்று சிவப்பு பூசிய, காற்றுத் துப்பாக்கியின் அலுமினிய சிலிண்டரை மேசையில் வைத்தான். கழுத்தில் குங்குமப் பொட்டு. "ஆயுத பூஜைக்குப் புதுசா பண்ணேன்க்கா. நாளைக்கு கிளப்புல சுடுற போட்டி. காத்து மட்டும் அடிச்சுக் குடுங்க" என்றான். அவனை அங்கேயே ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது எனக்கு.

நீங்கள் இருந்திருந்தால் விட்டிருப்பீர்கள், என்னங்க.

கிளேபாங்கில் இந்தக் கடையைத் திறந்ததிலிருந்து உங்கள் கைக்குப் பயப்படாத வாடிக்கையாளர் யார்? காற்றுத் துப்பாக்கிக்கு அடைக்கும் காற்று, லாரி டயருக்கு அடிப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல் அழுத்தம் கொண்டது. பழைய சிலிண்டர் வந்தால் முதலில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்ப்பீர்கள். எவ்வளவு உப்புகிறது, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் காற்று. "தண்ணியில உடைஞ்சா விரிசல், காத்துல உடைஞ்சா குண்டு" என்பீர்கள். தேறாத சிலிண்டரைச் சொந்தக்காரன் கண் முன்னாலேயே இடுக்கியில் பூட்டி ரம்பத்தால் இரண்டாக அறுப்பீர்கள். தடுக்க வந்த ஒருவனின் சட்டையைப் பிடித்து வாசல் வரை இழுத்துப் போய்த் தள்ளினீர்கள். அவன் பல் உடைந்தது. எனக்கு அன்று உங்கள் மேல் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

உங்கள் கடைசி ஆயுத பூஜையன்று உங்கள் தம்பி மெர்லிமாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். காரின் ரிம்முக்குப் பெயிண்ட் போடும் கடையில் தன் சிலிண்டருக்குத் தங்க வர்ணம் போட்டு, சந்தனம் பூசிக் கொண்டுவந்திருந்தான். நாம் அப்போதுதான் பம்புக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தோம்.

"அடுப்புல வெச்சுச் சுட்டாங்களாடா?" என்று கேட்டீர்கள். பெயிண்ட் கெட்டியாகப் பிடிக்க அடுப்புச் சூட்டில் வெந்த அலுமினியம் வெளியே மினுங்கும், உள்ளே வலுவிழந்துபோகும். அது அவனுக்கும் தெரியும்.

"இல்லலா அண்ணே. சும்மா ஸ்ப்ரே அடிச்சதுதான்."

"பொய் சொன்னே, கைய ஒடிச்சுருவேன்."

அவன் உடனே எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். உங்கள் முகம் இளகியதைப் பார்த்தேன். ஊரானுக்கு விட்டுக்கொடுக்காத தண்ணீர்ச் சோதனையைத் தம்பியின் சத்தியத்துக்காக விட்டுக்கொடுத்தீர்கள். "அவனுக்கு ஒரு தேங்காய் ஷேக் வாங்கிட்டு வா" என்று என்னை எதிர்ச்சாரிக்கு அனுப்பினீர்கள். அதனால் நான் உயிரோடு இருக்கிறேன்.

வெடித்தபோது காலடியில் சாலை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் கடையின் இரும்புக் கதவு வெளிப்பக்கமாக வீங்கியிருந்தது. உள்ளே சுவரில் ஒரு பெரிய ஓட்டை. சிலிண்டரின் பாதி கூரைச் சட்டத்தில் குத்தி நின்றது. உங்களை உங்கள் சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். உங்கள் தம்பி காதில் ரத்தம் வழிய, இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் வாசல் பக்கம் ஊர்ந்து வந்தான். "சுட்டதுதான் அண்ணி. சொன்னா அண்ணன் அறுத்துருவாரு, அடிப்பாருன்னு பயந்துட்டேன்" என்றான். ஆம்புலன்ஸ் வரும்வரை நான் அவனைச் செருப்பால் அடித்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள்தான் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

அவனைப் போலவே உங்களையும் நான் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று உங்கள் சொந்தத் தம்பியே நினைக்கும்படி ஏன் இருந்தீர்கள்? எத்தனை நாள் உங்கள் படத்தின் முன் நின்று இதைக் கத்திக் கேட்டிருக்கிறேன்.

இருந்தும் அவன் இந்தக் கடையில்தான் வேலை செய்கிறான். அவனாகவே வந்தான், பம்பு ஓட்ட எனக்கும் ஆள் தேவைப்பட்டது. எல்லா வேலையும் கொடுப்பேன். உங்கள் ரம்பத்தை மட்டும் தொட விட்டதில்லை. எவன் சண்டைக்கு வந்தாலும் தேறாத சிலிண்டரை நானேதான் அறுப்பேன்.

இன்று காலை அந்தச் சிவப்பு சிலிண்டரை அவன்தான் மேசையிலிருந்து எடுத்தான். கேட்கிற ஒரு காதை வந்தவன் பக்கம் திருப்பி, குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"அடுப்புல வெச்சாங்களா தம்பி?"

"இல்லண்ணே, ஸ்ப்ரேதான். சாமி சத்தியமா."

என் கை எழுந்துவிட்டது. அதற்குள் உங்கள் தம்பி இடது கையை மேசைமேல் வைத்தான். "நானும் சூடத்த அணைச்சு இப்படித்தான் சொன்னேன்" என்றான். "எங்க அண்ணன் நம்புனாரு. இப்ப நீ நிக்கிற எடத்துலதான் கெடந்தாரு."

வந்தவன் காலடியைப் பார்த்தான். கொஞ்சம் நகர்ந்து நின்றான். பிறகு மெதுவாக, "சுட்டதுதான் அண்ணே" என்றான்.

அவனை யாரும் அடிக்கவில்லை. ஓங்கிய கையை நான் இறக்கினேன். உங்களிடமும் ஒருவன் இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் நீங்கள் இப்போது உள்ளே பம்புக்குப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள்.

சுவரிலிருந்து உங்கள் ரம்பத்தை எடுத்து உங்கள் தம்பியிடம் கொடுத்தேன். இடுக்கியில் பூட்டியும் சிலிண்டர் ஆடியது; இடது கையின் மூன்று விரலால் அவனால் அதை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. சிலிண்டர் நகராமல் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.