கிழக்கு கேலரியின் கடிதங்கள்

பிப்ரவரி 9, ஞாயிறு

பூஜ்யம் – நாலு. தோற்றுவிட்டோம், அதுவும் சொந்த மைதானத்தில்.

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் கொண்டுவந்து வைத்த மனைவி, "ஓடினது அவங்க. உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்றாள். இருபது வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறாள், இன்னும் ஆஃப்சைடு என்றால் என்னவென்று கேட்கிறாள். அவளிடம் என்ன சொல்ல?

வெட்டுக்கிளியை நடுவில் ஆடவிட்டிருக்கிறார் எங்கள் கோச்! இடது ஓரத்திலேயே ஓடிப் பழகிய லெஃப்ட் பேக் அவன். கால் நீளமென்று கேலரி வைத்த பெயர்தான் வெட்டுக்கிளி. நடு மைதானத்தில் பாவம், சந்தையில் கைவிட்ட குழந்தை மாதிரி நின்றான். "எந்த மடையன்டா இதை யோசிச்சது?" என்று முதலில் கத்தியது நான்தான். இரண்டு நிமிடத்தில் கேலரி முழுக்க அதையே கத்தியது. அதில் ஒரு திருப்தி. வேறு திருப்தி ஏதும் இன்று இல்லை.

கிழக்கு கேலரி ரசிகர் சங்கச் செயலாளர் என்ற முறையில், கிளப்புக்குப் பதினாலாவது கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன், பத்திரிகைக்கும் ஒரு நகல். 'கண்ணிருந்தும் காணாத பயிற்சியாளரை உடனே நீக்குக.' மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், கண்ணைப் பற்றி நான் சொன்னால் எடுபடும்.

பிப்ரவரி 10, திங்கள்

கடிதம் பத்திரிகையில் வந்துவிட்டது! முதலாளி அதை வெட்டிக் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். "கண்ணுன்னு வந்துருக்கே, கடைக்கு விளம்பரம்தானே" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தூக்கிவிட்டார்கள்.

காலை பதினொன்றுக்கு மைத்துனன் ஃபோன் செய்தான். மனைவியின் தம்பி, சங்கத் தலைவர். "அத்தான், கோச்சைத் தூக்கிட்டாங்க! நம்ம லெட்டர், அத்தான்! நம்ம லெட்டர்!" நான் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த லென்ஸ் விளிம்பு தெறித்துப்போனது. போகட்டும்.

மாலையில் மருந்துக்கடை மாடியில் அவசரக் கூட்டம். எல்லோரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்தார்கள். பத்து நிமிடம் கைகுலுக்கினோம். அப்புறம் யாருக்கும் பேச ஒன்றுமில்லை. எட்டு மாதமாக அந்த மனிதரைத் திட்டுவதற்காகவே கூடியவர்கள். மின்விசிறியைப் பார்த்தோம். மிக்சர் தட்டு இரண்டு சுற்று வந்தது.

மைத்துனன்தான் ஆரம்பித்தான். "ஆனா ஒண்ணு. நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அதானே!" என்றார் பஸ் டிரைவர். "ஒரு மனுஷனை இப்படியா அனுப்புறது? மரியாதைன்னு ஒண்ணு வேணாம்?" ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர்மேல் தண்ணீர் பாட்டிலை எறிந்தவர் இவர்.

தீர்மானம்: பயிற்சியாளரைத் திடீரென நீக்கிய கிளப் சேர்மனை வன்மையாகக் கண்டிக்கிறோம். 'வெளியேறு' என்று எழுதிய பேனர் மூன்று மீட்டர் இருந்தது, நல்ல துணி. வீணாக்க மனமில்லை. மேலே 'சேர்மனே' என்று சேர்த்தால் போதும் என்று மைத்துனன் சொன்னான். கைதட்டினோம்.

பிப்ரவரி 12, புதன்

பதினைந்தாவது கடிதத்தில் பழைய கோச்சை 'ஒப்பற்ற தொலைநோக்காளர்' என்று எழுதினேன். கை கூசவில்லை. கூச வேண்டாமா?

பிப்ரவரி 15, சனி

இன்று புதிய ஏற்பாடு. உதவிக் கோச்சைத் தற்காலிகமாகப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் பழைய கோச்சுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். உயிரோடு, நன்றாக, நாலு தெரு தள்ளி இருக்கிற மனிதருக்கு. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஒன்று – பூஜ்யம் என்று ஜெயித்தே விட்டோம். பெரிய சங்கடம். சந்தோஷப்பட்டால் சேர்மன் செய்தது சரி என்று ஆகிவிடும். கோல் விழுந்ததும் எல்லோரும் பாதி எழுந்து மைத்துனனைப் பார்த்தோம். "இது பழைய கோச் தயார் பண்ணின டீம்தானே?" என்றான். சரி என்று முழுதாக எழுந்தோம்.

ஆட்டம் முடிந்து நிருபர்கள் போன வாரத்து வெட்டுக்கிளி விவகாரத்தைக் கிளறினார்கள். தற்காலிகக் கோச் வாய் தவறிச் சொல்லிவிட்டார்: "அந்த யோசனை கிளப்புக்கு வெளியே இருந்து வந்தது. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

வெளியே இருந்தா? யார்?

பிப்ரவரி 16, ஞாயிறு

விசாரணைக் குழு அமைத்தாகிவிட்டது. அமைப்பாளர் நான். சந்தேகப் பட்டியலில் ஜெர்சிக்கு விளம்பரம் தரும் பெயின்ட் கம்பெனிக்காரர், சேர்மனின் மனைவி, எதிரணியின் உளவாளி. பெயின்ட்காரர்மேல் எனக்குச் சந்தேகம் வலுவாக இருக்கிறது. அவர் மூஞ்சியே சரியில்லை.

ஆள் கிடைத்ததும் பெயர் பேனரில் ஏறும். பஸ் டிரைவர் துணி வாங்கிவிட்டார்.

பிப்ரவரி 19, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மூன்றரை மணி இருக்கும். உள்ளே கண் பரிசோதிக்கிற டாக்டரம்மாவிடமிருந்து சீட்டு வந்தது. தூரத்துக்கு ஒன்றும் வேண்டாம், படிக்க மட்டும் இரண்டரை பவர். நல்ல தூரப் பார்வை என்று நினைத்துக்கொண்டே அளவெடுக்க வெளியே வந்தால், நாற்காலியில் கோச்.

டிவியில் தெரிவதைவிடக் குள்ளம். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அவர் மூக்கின் மேல் ஸ்கேலை வைத்தேன். அந்த மூக்கைப் பற்றிக் கேலரியில் ஒரு பாட்டே இருந்தது, இரண்டு சரணம். "அசையாம இருங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வேன்?

அளவெடுத்து முடிவதற்குள் அவர் பார்வை கல்லாப் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது. நாசமாய்ப் போன பத்திரிகைத் துண்டு! நிதானமாகப் படித்தார்.

"'கண்ணிருந்தும் காணாத'... இதை எழுதினது நீங்களா?"

முதலாளி கல்லாவிலிருந்து பெருமையாக, "ஆமா சார், இவர்தான்!" என்றார். அந்த ஆளுக்கு ஃபுட்பால் தெரியாது. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் தெரியாது.

"பதினாலுமே நீங்கதானா?"

"தீர்மானம் சங்கத்தோடது சார். எழுத்து மட்டும்தான் நான்."

"நல்ல எழுத்து. எனக்கு ஒன்பதாவது ரொம்பப் பிடிச்சுது."

ஒன்பதாவதா? எனக்கு நினைவில்லை.

"வெட்டுக்கிளியை நடுவுல போடச் சொல்லியிருந்தீங்களே. படம் வரைஞ்சு, அம்புக்குறியெல்லாம் போட்டு."

நினைவு வந்துவிட்டது. அக்டோபரில் ஒரு மழை நாள். வேலையில்லாமல், பென்சிலால், சும்மா. 'எதிரணி அடியோடு குழம்பிவிடும்' என்று கீழே எழுதியிருந்தேன். கடவுளே. நான். நான்தான் அந்த மடையன்.

"என் பேச்சை ஏன் சார் கேட்டீங்க? நான் கண்ணாடி தேய்க்கிறவன் சார்!"

"நானா யோசிச்சது பதினோரு விதம். எல்லாத்துலயும் தோத்தாச்சு. உங்களோடது பன்னெண்டாவது." கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு எந்த மடையன்னு கத்தினது…"

"கேட்டுச்சு. நல்ல குரல் உங்களுக்கு."

யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "வெளியாள் யோசனைன்னு உதவிக் கோச்சுகிட்ட மட்டும் சொன்னேன். மத்தவங்ககிட்ட எப்படிச் சொல்றது? லெட்டரைப் படிச்சுட்டு டீம் போட்டேன்னா ரெண்டு பேருக்கும் அசிங்கம்" என்றார்.

அவர் கேட்ட ஃபிரேம் கையிருப்பில் இல்லை, வர மூன்று வாரமாகும் என்றேன். "ஆகட்டும். இப்ப எனக்கென்ன அவசரம்?" என்று எழுந்து போனார்.

பிப்ரவரி 20, வியாழன்

சோறு இறங்கவில்லை. மனைவி கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "கூட்டத்துல சொல்லிடுங்க" என்றாள்.

"உன் தம்பி என்னைக் கொன்னுடுவான்."

"அவனா? அவன் கத்துவான். நீங்க எல்லாருமே கத்தத்தானே செய்றீங்க? ஒரு மனுஷனுக்கு வேலை போயிருக்கு. அந்த வீட்லயும் ஒருத்தி இருப்பா. உக்காந்திருக்கிறவர்கிட்ட எழுந்து வேலைக்குப் போங்கன்னும் சொல்ல முடியாது, சும்மா இருங்கன்னும் சொல்ல முடியாது."

அந்த வீட்டை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். விசாரணை அறிக்கை என்று ஒரே வரி எழுதிக்கொண்டு போனேன். 'குற்றவாளி அமைப்பாளரே.'

பிளாஸ்டிக் நாற்காலிகள் கீச்சிட்டன. மைத்துனன் எழுந்து என்னை நோக்கி வந்தான். தோளைக் குறுக்கிக்கொண்டேன். வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்தான்!

"கேட்டீங்களாய்யா? நம்ம லெட்டரைப் படிச்சு, நம்ம சொன்னபடி டீம் போட்ட ஒரே கோச்சு! ரசிகன் பேச்சைக் கேட்டதுக்காகத்தான் அந்த மனுஷனைத் தூக்கியிருக்காங்க!"

"நாலு கோல் வாங்கினோமே?" என்று பஸ் டிரைவர் இழுத்தார்.

"யோசனையில என்ன தப்பு? ஆடினவன் சரியா ஆடல."

அவ்வளவுதான், பழி வெட்டுக்கிளி தலைக்குப் போய்விட்டது. எனக்குக் கைதட்டல். தலை குனிந்து நிற்கப் போன நான் தலை நிமிர்ந்து திரும்பினேன். 'இல்லை, தப்பு என்னுடையது' என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. கைதட்டலும் நன்றாகத்தான் இருந்தது.

மனைவியிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 27, வியாழன்

பத்திரிகைக்காரர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது. கேலரியைச் சமாதானப்படுத்த சேர்மனுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. இன்று கிளப்புக்கு அழைத்து, 'ரசிகர் ஆலோசகர்' என்று ஒரு பதவி கொடுத்தார்கள். சம்பளம் இல்லை. ஒரு கோட்டு உண்டு. வேண்டாம் என்றுதான் சொல்லப் போனேன். கோட்டைப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது.

மார்ச் 1, சனி

மைதானத்துக்குள், கோச் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடக் கனவு.

அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை! முழங்கால்கள்தான் தெரிகின்றன. யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேலரியில் பளிச்சென்று தெரியும், இங்கே ஒரே மந்தை. தற்காலிகக் கோச் கேமரா திரும்பும்போதெல்லாம் என் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். முதல் தடவை, "டீ குடிச்சீங்களா?" இரண்டாவது தடவையும் அதேதான். நான் யோசிப்பதுபோல் தலையாட்டினேன்.

ஒன்று – ஒன்று.

இடைவேளையில் வெட்டுக்கிளியைக் கிட்டத்தில் பார்த்தேன். கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. உங்க திட்டத்தைக் கெடுத்துட்டேன் சார் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் என்னிடம்! ஓடிப்போய்க் கழிப்பறையில் நின்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

வெட்டுக்கிளியின் மேல் தவறில்லை, எல்லாத் தவறும் என்னுடையது என்று மைத்துனனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "கோட்டு போட்டதும் பிளேயர் பக்கம் சாஞ்சிட்டீங்க அத்தான்" என்றான். வைத்துவிட்டான்.

மார்ச் 8, சனி

பூஜ்யம் – இரண்டு.

எழுபதாவது நிமிடத்தில் கிழக்கு கேலரி ஆரம்பித்தது. முதலில் புரியவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் கேட்டது: "ஆலோசகரே, ஆலோசகரே, கோட்டைக் கழட்டி வெளியே போ!" நடுவில் மூன்று தட்டு. தாளம் அபாரம். மருந்துக்கடைக்காரரின் குரல் தனியாகத் தெரிந்தது.

பக்கத்திலிருந்த கோச் என்னையே உற்றுப் பார்த்தார். "என்ன சார் முணுமுணுக்கிறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். நானும் கூடவே பாடிக்கொண்டிருந்தேன். காலும் தட்டியிருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

பதினாறாவது கடிதம் பத்திரிகையில். ஆலோசகரை நீக்கக் கோரி. கையெழுத்து, என் மைத்துனன். ஒற்றுப்பிழை ஏழு. ஆனால் மூன்றாவது பத்தி உண்மை. 'அவருக்கு ஆட்டம் தெரியாது; கத்தத்தான் தெரியும்.' நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

மனைவி தம்பிக்கு ஃபோன் போடப் போனாள். தடுத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

நீக்கிவிட்டார்கள். கண்ணாடி வாங்க வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். மாலையில் கிளப்பிலிருந்து ஆள் வந்து கோட்டை வாங்கிக்கொண்டு போனான். சலவை செய்து வைத்திருந்தேன்.

மார்ச் 12, புதன்

பழைய கோச் கண்ணாடி வாங்க வந்தார். மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்தேன். கல்லாப் பக்கச் சுவர் காலி. அந்தக் காகிதத்தை நேற்றே சுரண்டி எடுத்திருந்தேன்.

"எத்தனை நாள் தாக்குப்பிடிச்சீங்க?" என்றார்.

"பன்னெண்டு சார்."

"முதல் தடவைக்கு மோசமில்ல."

இருவரும் சிரித்தோம். அப்போது சொன்னேன். "உங்க வேலை போனதுக்கு நான் காரணம் சார். மன்னிச்சுடுங்க." கூட்டத்தில் சொன்ன மாதிரி இல்லை. இது நாக்கில் கனத்தது. அவர் அட்டையில் இருந்த பொடி எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா தெரியுது" என்றார். பெண்கள் அணி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம். அடுத்த வாரம் குடும்பத்தோடு போகிறார். மனைவிக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிடுகிற நேரத்துக்குச் சரியாக மைத்துனன் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. அக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. உட்கார்ந்து இரண்டு கவளம் உள்ளே போன பிறகு கொதித்தான்.

"நம்ம ஆளு அத்தான் நீங்க! இருபத்திரண்டு வருஷ ரசிகன். வாசல்ல ஆளை விட்டு கோட்டைப் பிடுங்கிட்டுப் போயிருக்கானுங்க! சங்கம் சும்மா இருக்குமா? தீர்மானம் போட்டாச்சு."

"போன வாரம் நீதானேடா—" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அது வேற, இது வேற அக்கா." குழம்பை ஊற்றிக்கொண்டான். அப்புறம் குரலைத் தணித்து, "அத்தான், அந்தக் கண்டனத்தை நீங்கதான் எழுதித் தரணும். எனக்கு அவ்வளவு வரல" என்றான்.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அரை மணியில் முடிந்துவிட்டது. நேர்மையாளர், தன்னலமற்றவர், கேலரி ஈன்றெடுத்த ஆலோசகர், ஈடு செய்ய முடியாத இழப்பு. பதினேழாவது கடிதம். அவன் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவதற்கு முன் மனைவி வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இவ்வளவு நல்லவரா நீங்க?" என்றாள். "எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."