பன்னிரண்டு ஏக்கர் தினை

நாள் 204. காலை 07:10

வயல் கூடாரம். உள்ளே 22 டிகிரி. வெளியே மைனஸ் 61. கூடாரத் துணியில் கசிவு இல்லை.

எழுதுவது முத்துப்பேச்சி, இயந்திரப் பொறியாளர். ஊர் சாத்தூர் பக்கம். செவ்வாய்க் கிரகத்துக்கு வந்து இது இரண்டாம் வருடம். இங்கே நான் ஒருத்திதான். மற்ற அறுபத்திரண்டு பேரும் எழுபது கிலோமீட்டர் தள்ளி எங்கள் குடியிருப்பான நெடுங்குடியில் இருக்கிறார்கள். பன்னிரண்டு ஏக்கர் மண்ணைக் கழுவிப் பக்குவப்படுத்தியாயிற்று. விதைப்பு மெஷினை இந்த மண்ணுக்குப் பழக்குவது என் வேலை. அடுத்து இந்தக் கூடாரத்துக்கு வரும் பொறியாளருக்காக இதை எழுதி வைக்கிறேன்.

மெஷின் எளிமையானது. பெட்டியில் விதை. அடியில் துளை போட்ட வட்டத் தட்டு சுழலும். துளைக்கு ஒரு விதை. அது குழாய் வழியே இறங்கி, கொழு கிழித்த சாலில் விழும். பின்னால் வரும் சக்கரம் மண்ணை மூடி அழுத்தும். மொத்தம் ஆறு வரிசை. பூமியில் ஒழுங்காக ஓடியது. இங்கே நூறு இடத்தில் முப்பத்தோரு இடம் காலி.

கையால் விதைக்க வழியில்லை. வயலில் மூச்சுவிடத் தக்க காற்று இல்லை, என் அறையை விட்டுப் போனாலே காற்று உடை போட வேண்டும். கையுறை விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய்ப் பருமன். தினையோ கடுகளவு.

நாள் 206. மாலை 16:40

ஒரு குறை பிடிபட்டது. இங்கே எதற்கும் பாதி எடைகூடக் கிடையாது. சாலில் விழுந்த விதை துள்ளி, உருண்டு, சாலுக்கு வெளியே போய்விடுகிறது. குழாயின் வாயைத் தாழ்த்திப் பின்பக்கமாக வளைத்தேன். மெஷின் முன்னே போகும் வேகத்தில் விதை பின்னே தள்ளப்படுகிறது. நின்ற இடத்தில் நழுவ விட்டதுபோல விழுகிறது. இப்போது காலி இடம் பதினேழு.

விதை என்று எழுதினாலும் சோதனைக்கு நிஜ விதையைத் தொடவில்லை. இருப்பதே நாற்பத்திரண்டு கிலோ, பன்னிரண்டு ஏக்கருக்கு அளவாக. தினை அளவுக்குச் சலித்த மணலைப் போட்டு ஓட்டுகிறேன்.

நாள் 209. மதியம் 13:05

மிச்சமுள்ள தொல்லை நிலைமின்சாரம். உலர்ந்த காற்றில் பிளாஸ்டிக் தட்டு மணலைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. பழைய வால்வு மூடிகளை உருக்கிப் பித்தளையில் ஆறு தட்டு வார்த்தேன். மண்ணில் இழுபடும்படி ஒரு சங்கிலி கட்டினேன். அப்படியும் சில துளைகளில் அடைப்பு. எஃகு அளவுநாடாவை வெட்டி ஆறு சுருள்வில் செய்து, வரிசைக்கு ஒன்றாகப் பொருத்தினேன். ஒவ்வொரு துளையும் குழாய்க்கு நேராக வரும்போது வில் ஒரு தட்டுத் தட்டும்.

காலி இடம் நூற்றுக்கு இரண்டு. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டுதான். அறைக்குள் வந்து தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

வானொலியில் மரியசூசையிடம் சொன்னேன். நெடுங்குடியில் பயிர்ப் பொறுப்பு அவன்தான். தூத்துக்குடிக்காரன். தினமும் காலை ஏழு மணிக்குப் பேசுவான். இன்று நான் கூப்பிட்டேன்.

"ரெண்டா? பேச்சிக்கா, சும்மா அளக்காதீங்க. எங்க மாமா வச்சிருந்த மெஷினே பத்துக்கு ஒண்ணு விட்ரும்."

"வந்து எண்ணிப் பாருலே."

"எண்ணிருவோம். மொளைக்கட்டும், வந்து ஒத்த ஒத்தையா எண்ணுதேன்."

நாள் 212. காலை 07:20

சூசையின் குரல் சரியில்லை.

"அக்கா, கிட்டங்கியில பூசணம் விழுந்துருச்சி. கோதும, பயறு, வெதைக்குன்னு வச்சிருந்தது, எல்லாம் போச்சி. மிச்சத்த ஜெபசீலி பிரிச்சிட்டு இருக்கா."

ஜெபசீலி அவன் மனைவி. சமையலறையும் கிட்டங்கி என்னும் தானியக் கிடங்கும் அவள் பொறுப்பு.

"எத்தன நாளைக்கு வரும்?"

"அரை வயித்துக்கு சாப்பிட்டா முன்னூத்தி முப்பதாம் நாள் வரைக்கும். அடுத்த கப்பல் எழுநூறுக்கு மேலதான். உங்க கையில இருக்க தினைதான் இப்ப ஊருக்கே வெத."

தினைக்கு எண்பத்தைந்து நாள் வேண்டும். இந்த வாரமே விதைத்தால் முந்நூறை ஒட்டி அறுவடை. நாளையே தொடங்குகிறேன். சோதனைக்கென்று ஒதுக்கி வைக்க நேரமுமில்லை, விதையுமில்லை.

நாள் 214. மாலை 17:30

நான்கு ஏக்கர் முடிந்தது. ஈர மண் கொழுவில் அப்பிக்கொண்டு சாலை அடைத்தது. கொழுவுக்குப் பின்னால் ஒரு தகட்டுச் சுரண்டி வைத்த பிறகு சுத்தமாகக் கிழிக்கிறது. முதுகு ஒடிகிறது. பரவாயில்லை.

நாள் 216. மதியம் 14:20

கடைசி ஒன்றரை ஏக்கர் இருக்கும்போது ஆறாவது வரிசையின் வில் முறிந்துவிட்டது. அளவுநாடா தீர்ந்துபோயிற்று. அந்த ஒரு வரிசையை வில் இல்லாமலே ஓட்டினேன். அங்கங்கே காலி விழும். விழட்டும்.

நாற்பத்திரண்டு கிலோவும் மண்ணுக்குள் போய்விட்டது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றுகூட மிச்சமில்லை.

"அக்கா, எல்லாரும் கும்பிடு சொல்லச் சொன்னாவ. ஜெபசீலி அழுதுட்டா" என்றான் சூசை.

நாள் 222. காலை 06:50

தினை ஐந்தாறு நாளில் முளைக்கும். இன்னும் இல்லை. வெப்பம் சரி. ஈரம் சரி. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கிறேன்.

நாள் 223. மதியம் 12:15

தோண்டினேன். விதை இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் ஆழம், சொன்ன இடைவெளி. அடுத்ததைத் தோண்டினேன். அதுவும் இருக்கிறது. நாற்பது இடம் தோண்டினேன். முப்பத்தொன்பதில் இருக்கிறது.

அறைக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விதையின் கூர்முனையிலும் ஒரு சின்ன வெட்டு. முளை இருக்கும் இடம் அது. வில் தட்டும்போது துளையின் பித்தளை விளிம்பில் பட்டுத் தெறித்திருக்கிறது. மணலுக்கு முளை கிடையாது. மணலில் எதுவும் தெரியவில்லை.

முப்பத்தொன்பதையும் பார்த்தேன். முப்பத்தொன்பதும்.

நாள் 224. காலை 09:00

ஆறாவது வரிசை, கடைசி ஒன்றரை ஏக்கர். வில் முறிந்த இடத்திலிருந்து பச்சை. ஊசி ஊசியாக முளைத்திருக்கிறது, காலி விழுந்து, கோணலாக. சேர்த்துப் பார்த்தால் கால் ஏக்கர் தேறும். வேறெங்கும் ஒன்றுமில்லை.

ஏழு மணிக்கு சூசை கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

நாள் 225. காலை 07:00

எடுத்தேன். சொன்னேன்.



"வெத செத்துருச்சாக்கா?"

"நான் கொன்னுட்டேன் தம்பி. அந்த வில்லு. தட்டுக்கு ஒண்ணா ஒடைச்சிருக்கு. நிஜ வெதையப் போட்டு ஒரு பத்தாவது பாத்திருக்கணும். பாக்கல. வெதைய மிச்சம் பிடிச்சேன்."

"நானும் வேண்டாம்னு சொல்லலியே. வில்லோட படம் அனுப்புனீங்க, நல்லாருக்குன்னுதான சொன்னேன்."

"வில்லு செஞ்சது நீ இல்ல."

"அக்கா, அத அப்பறம் பேசலாம். அந்தக் கால் ஏக்கர விட்றாதீங்க. தண்ணி பாத்துப் பாய்ச்சுங்க. நான் மத்தவுகட்ட சொல்லுதேன்."

அவன் எப்படிச் சொன்னான், யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாள் 251. காலை 08:10

பயிர் முழங்கால் உயரம். குழாயால் வேர் வேராகத் தண்ணீர் விடுகிறேன். செத்த வரிசைகளுக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே மண் அழகாக அழுந்தியிருக்கிறது. சால்கள் நூல் பிடித்ததுபோல நேராக.

நாள் 304. மாலை 15:45

அறுத்தேன். உதிர்த்துத் தூற்றி எடைபோட்டேன். ஐம்பத்தோரு கிலோ.

வண்டியை அனுப்பி எடுத்துப் போகச் சொன்னேன். அதிலேயே நானும் வந்துவிடுவதாகச் சொன்னேன். இந்த முறை ஜெபசீலி பேசினாள்.

"இங்க வந்தா அது ரெண்டு நாளு கஞ்சிக்கா. அவ்வளவுதான். அங்க இருந்தா பன்னெண்டு ஏக்கருக்கு வெத."

"வெதைச்சு அறுக்க முன்னூத்தித் தொண்ணூறு தாண்டிரும் ஜெபசீலி. உங்ககிட்ட முன்னூத்தி முப்பதுக்கு மேல இல்லியே."

"நேத்து எல்லாரையும் கூட்டி வச்சிக் கேட்டோம். வெதைக்கச் சொல்லி எல்லாரும் கையத் தூக்கிட்டாவ. உங்க ரேஷன் உங்களுக்கு ஒருத்திக்கு அறுவடை வரைக்கும் காணும். நீங்க அங்கயே இருந்து வெதைங்க. இங்க நான் இழுத்துப் பிடிச்சிப் பாத்துக்கிடுவேன்."

"எப்பிடி இழுப்ப?"

"நீங்க மெஷினப் பாருங்க. சமையல் என் பொறுப்பு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இழுக்க முடியாது. அவளுக்கும் அது தெரியும்.

நாள் 308. காலை 11:30

மெஷினை மாற்றியமைத்தேன். படிப்பவர் இதைக் கவனிக்கவும். பித்தளைத் துளைகளின் விளிம்பை அரம் போட்டு உருட்டிவிட்டேன். வில்லை எஃகு நாடாவில் இல்லாமல், கதவுத் தாழின் மெல்லிய தகட்டில் செய்தேன். நுனியில் கையுறை உள்துணியை மூன்று மடிப்பாகச் சுற்றித் தைத்தேன். இப்போது அது தட்டுவதில்லை, தள்ளுகிறது. இருநூறு நிஜ விதையை ஓட்டி ஈரத்துணியில் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றாறு முளைத்தன. எந்த மெஷினையும் முதலில் நிஜ விதையில் ஓட்டுங்கள். விதை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

நாள் 311. மாலை 18:00

பன்னிரண்டு ஏக்கரும் விதைத்தாயிற்று. ஒன்பது கிலோ மிஞ்சியது. அதை டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன்.

நாள் 317. காலை 07:05

முளைத்துவிட்டது. எங்கு பார்த்தாலும். நூறு அடிக்கு எண்ணினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"சூசை, கேக்குதா? தொண்ணூத்தெட்டு!"

"கேக்குது." மூச்சு வாங்கினான். "நல்லாருக்குக்கா. ரொம்ப நல்லாருக்கு. படம் அனுப்புங்க, இங்க செவுத்துல ஒட்டுதோம்."

நாள் 340. காலை 07:00

சூசை பேசவில்லை. ஜெபசீலி.

"அவரு படுத்திருக்காவ. எந்திரிக்க முடியல. சின்னவங்களுக்குக் குடுங்கன்னு தன் பங்கத் தள்ளி விட்டுட்டே இருந்தாவ."

"எத்தன பேரு இருக்கீங்க?"

"இருக்கோம்க்கா."

நாள் 349. காலை 07:00

சூசை இறந்துவிட்டான். நேற்று மதியம். படத்தை அவன் படுக்கைக்கு எதிரே மாட்டியிருந்தார்களாம். வேறு எழுத முடியவில்லை.

நாள் 362. காலை 07:15

"பயிரு எம்புட்டு ஒயரம்க்கா?" ஜெபசீலி கேட்டாள்.

"இடுப்பளவு. கதிர் வெளிய வருது."

"என்ன நெறத்துல இருக்கு?"

"இப்ப பச்ச. நுனியில மஞ்ச லேசா ஓடுது. பூன வால் மாதிரி வளஞ்சி நிக்குது."

"இன்னும் சொல்லுங்க."

தண்ணீர் பாயும் சத்தத்தைச் சொன்னேன். இலை உரசும் சத்தத்தைச் சொன்னேன். உடைக்குள் இருந்து நான் அதைக் கேட்கவே முடியாது. கேட்பதுபோலச் சொன்னேன்.

"எனக்குப் பசிக்கல அக்கா" என்றாள். "ரெண்டு நாளா பசிக்கல. அதான் பயமா இருக்கு."

நாள் 363. 07:00. பதில் இல்லை.

நாள் 364. 07:00, 12:00, 17:00. பதில் இல்லை.

நாள் 370

தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். நெடுங்குடியின் வானொலி இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தானாக ஒரு மணியோசை அனுப்புகிறது, நிலையம் செயல்படுகிறது என்று. ஆள் குரல் இல்லை.

மெஷினை இழுக்கும் என் டிராக்டர் கம்பி மின்சாரத்தில் ஓடுவது. கூடாரத்தைத் தாண்டாது. உடையில் எட்டு மணி நேரக் காற்று. எழுபது கிலோமீட்டர். மூன்று விதமாகக் கணக்குப் போட்டுவிட்டேன்.

நாள் 388

வால்வு 3 சிக்கிக்கொண்டது. சரி செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. கை தானாகச் செய்தது.

பெயர்களை எழுதத் தொடங்கினேன். அறுபத்திரண்டும் ஞாபகம் இருக்கிறது. நாற்பத்தெட்டாவதில் நிறுத்திவிட்டேன்.

நாள் 397. மாலை

அறுவடை. டிராக்டரில் மாட்டிய அறுப்பு மெஷினில் ஒரு பழுதும் இல்லை. மூவாயிரத்து அறுநூறு கிலோ. மூட்டை மூட்டையாகக் கூடாரத்தின் ஓரம் முழுக்க அடுக்கியிருக்கிறேன். நடக்க வழி விட்டு.

வானொலியில் எடையைச் சொன்னேன். இரண்டு முறை.

நாள்

என் ரேஷன் முந்தாநாளோடு தீர்ந்தது. ஒரு பிடி தினையைக் குத்தி, உமி ஊதி, கஞ்சி வைத்தேன். கிண்ணத்தை எதிரே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போயிற்று.

குடித்தேன்.

ருசியாக இருந்தது. எழுதக் கூடாது என்று நினைத்தேன். ருசியாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு கிண்ணம் வைத்துக் குடித்தேன்.