மூலைக்கடைப் பலகை

ஆகஸ்ட் 4, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாற்பத்தோரு நாள். கேண்டீனில் பெரிய பானை எல்லாம் கழுவுவது இன்றும் என் தலையில். இடுப்பு விட்டுப்போச்சு.

லூனாஸ் கடைவீதியில் அந்த மூலைக்கடை மறுபடி காலி. அதே வாடகைப் பலகை, அதே நம்பர். எட்டு வருஷமாக அதன் மேல்தான் என் கண். தையல் மெஷின் இரண்டு போடலாம். வாசலில் ரவிக்கை தொங்கவிடலாம். ஒரு போன் போட்டுக் கேளுங்கள் என்று இவரிடம் எத்தனை தடவை சொன்னேன். மலாய் இவருக்குத்தான் நன்றாக வரும். "பாக்கலாம்லா." அவ்வளவுதான் பதில். பயந்தாங்கொள்ளி. இவரால்தான் இன்னும் பானை கழுவுகிறேன்.

வாங்க வேண்டியது: உப்பு, கறுப்பு நூல், படத்துக்கு மாலை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
வெயில். துணி காய்ந்தது. மகள் கவிதாவைக் கடைச் சொந்தக்காரரிடம் கேட்கச் சொன்னேன்.

"நீயே கேளேம்மா. இன்னும் எத்தன நாளைக்கு அப்பாவையே திட்டிக்கிட்டு இருப்ப?"

"அந்த மனுசன் அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா இன்னிக்கு நான் கடை மொதலாளி, தவுக்கே, தெரியுமா?"

"ஆமா, பெரிய தவுக்கே. மொதல்ல என் பாவாடைக்கு நாடா போட்டுக் குடு."

சிரித்தோம். அப்புறம் எனக்கு அழுகை.

ஆகஸ்ட் 6, புதன்
மூட்டம். என் போனில் காசு இல்லை. இவர் போனை எடுத்தேன். பலகை நம்பரை அழுத்தினேன். மலாயில் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் கடைச் சொந்தக்காரர் மலாயில் சலித்துக்கொண்டார்:

"அங்கிள், மறுபடியுமா? எத்தன தடவ சொல்லிட்டேன். இந்தியனுக்கு வாடகைக்கு விடறதில்ல லா. உங்க பொண்டாட்டி நல்லா தைப்பாங்க, சரி. அதுக்கு நான் என்ன செய்ய?"

வைத்துவிட்டேன்.

கேட்டிருக்கிறார். ஒரு தடவை மட்டும் இல்லை. நான் நல்லா தைப்பேன் என்று வேறு சொல்லியிருக்கிறார். என்னிடம் அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

சோறு போட்டுக்கொண்டே திட்டுவேன். தலையைக் குனிந்து சாப்பிடுவார்.

ஆகஸ்ட் 7, வியாழன்
வேலைக்குப் போகவில்லை. சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். படத்துக்கு மாலை போட்டேன். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன். பார், இன்றும் இவரைத்தான் திட்டுகிறேன். அந்தக் கடை ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கவிதா பாவாடைக்கு நாடா போட்டாச்சு.

போன் கடைக்குப் போய், இவர் நம்பர் அறுந்துபோகாமலிருக்க அதற்குப் பத்து வெள்ளி காசு போட்டேன். என் போனில் இன்னும் காசு இல்லை.