ஊத்தடித் தண்ணீரில் கறுத்த கொலுசு

மதினி,

இன்று காலையில் என் பேத்தி உன் கொலுசுகளில் ஒன்றைப் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். டிரங்குப் பெட்டியில் பழைய சேலைக்கு அடியில் கிடந்ததை அப்பத்தாவுக்கு ஆசையாகத் துலக்கிக் கொடுக்கிறாளாம். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். "கறுத்துக் கெடந்துச்சு அப்பத்தா, அதான்..." என்று பிள்ளை அழுதுகொண்டு நின்றது. அதன் மேல் என்ன குற்றம்? போன வாரம் ஊத்தடிக் கோயில் பொங்கலுக்குப் போனபோது எனக்கு ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. பாவம், அதில் இவள் மாட்டிக்கொண்டாள். இரண்டாவது கொலுசைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இது கறுத்த கதை உனக்கு மறந்திருக்காது. பரமக்குடிப் பக்கத்திலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாளே, யாரிடமும் கேட்காமல் கொலுசோடு ஊற்றில் இறங்கிவிட்டாய். ஊத்தடிப் பெண்கள் வெள்ளியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். பித்தளைச் செம்பைக்கூடக் கொண்டுபோக மாட்டோம், பனையோலைப் பட்டையில்தான் மோந்து ஊற்றுவோம். அந்தத் தண்ணீர் பட்டால் வெள்ளியும் பித்தளையும் கறுத்துப்போகும். புதுப்பெண்ணுக்கு அதை யார் சொன்னார்கள்? நீ கரையேறிக் காலைப் பார்த்ததும் "ஐயோ" என்று கத்தியதைக் கேட்டு நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"என்ன மதினி, கொலுசு கரியடுப்புல விழுந்துருச்சா?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"கொலுசுதானடி கறுத்துச்சு, காலு கறுக்கலையே! இந்தாரு, உங்க அண்ணனை விடச் செவப்பாத்தான் இருக்கேன்" என்று காலைத் தூக்கிக் காட்டினாய். அதற்குப் பிறகு அதை நீ துலக்கவே இல்லை. கறுப்புக் கொலுசோடு கோயிலுக்கு வந்தாய், சந்தைக்கு வந்தாய். "ஊத்தடிக்காரின்னு சொல்ல வேற என்ன வேணும்?" என்பாய்.

அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அங்கே ஊரே கிடையாது. கடலாடிக்குக் கிழக்கே, கடலுக்கு ஒரு நடை தூரத்தில், உடைமரமும் உப்புக்காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத பூமி அது. பஞ்சத்தில் ஆடு ஓட்டி வந்த நம் முன்னவர்கள் சுக்கான்பாறை இடுக்கில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கசிவதைக் கண்டார்களாம். அழுகின முட்டை நாற்றம், வாயில் வைக்க முடியாது. ஆனால் சொறி பிடித்த ஆடுகள் அதில் படுத்துப் புரண்டன. நாளாவட்டத்தில் புண் ஆறி உரோமம் முளைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் அங்கே குடிசை போட்டார்கள் என்று என் அய்யா, உன் மாமனார், சொல்வார்.

வெள்ளைக்காரன் போன சமயத்தில் நான் பாவாடைச் சிறுமி. அப்போதே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். பாம்பன் பக்கத்து மீனவர்கள், கழுத்தில் சிலுவையும் கையில் வலைக்கயிறு அறுத்த உப்புப் புண்ணுமாக வருவார்கள். கீழக்கரையிலிருந்து முக்காடிட்ட அம்மாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாம் பட்டை முடைந்து கொடுப்போம், கஞ்சி காய்ச்சிக் கொடுப்போம். பக்கத்து ஊர்க்காரர்கள் நம்மை "நாத்தத்தண்ணிக்காரவுக" என்று கேலி பேசுவார்கள். அவர்களுக்கே சிரங்கு வந்தால் விடியுமுன்னே நம் ஊரில்தான் வந்து நிற்பார்கள்.

இதெல்லாம் நம் ஊர்ப் பண்ணையாருக்குப் போதவில்லை. பெரிய மனிதர்கள் காரில் வந்து மூழ்கிக் குளிக்க வேண்டும் என்று பாறைக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டினார். கசிகிற தண்ணீரில் தொட்டி நிறையுமா? கிணறு வெட்டுகிற ஆட்களைக் கூட்டி வந்து பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து வேட்டு வைத்தார். நம் வீட்டுக் கூரையில் ஓலை சரிந்து விழுந்தது. முதலில் குபுகுபுவென்று கலங்கிய தண்ணீர் வந்தது. பண்ணையார் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தார். இரண்டே நாளில் பாறை காய்ந்து, ஓரத்தில் உப்புப் பூத்து நின்றது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் உனக்குப் பெண் பிறந்திருந்தது. பிள்ளைக்குத் தலையெல்லாம் சிரங்கு. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் தீட்டுக் கழியாமல் ஊற்றுக்கு வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. நீ பொறுக்க மாட்டாமல், வேட்டு வைக்கும் முன்பே, விடியற்காலையில் போனாய். பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் கூட வந்தேன். நாலைந்து நாள் பட்டையில் மோந்து மோந்து ஊற்றினோம். புண் வாடி, பிள்ளை வாய் வைத்துப் பால் குடித்தது.

ஊற்று வற்றியதும் கோயில் முன்னால் ஊர் கூடியது. வேட்டு வைத்தவரே நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஊத்துத்தாயி கோவிச்சுக்கிட்டா. தீட்டோட எவளோ எறங்கியிருக்கா" என்றார். வடக்கு வீட்டுக் கிழவி உடனே உன்னைக் கை காட்டினாள்.

"ஆமா, போனேன்" என்றாய் நீ. "பிள்ளை பாலு குடிக்காமக் கெடந்துச்சு. வேற எங்கன போறது?"

"நாப்பது கழியலையே தாயி?" என்றார் பண்ணையார்.

"சிரங்கு நாப்பது பாத்தா வருது?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, பண்ணையார் திரும்பியதும் அடக்கிக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். இருந்தும் எழுந்துவிட்டேன்.

"வேட்டுச் சத்தம் உங்க யாரு காதுலயும் விழலையா? பிள்ளைய வச்சுக்கிட்டு நானுந்தேன் போனேன். என்னையும் சேத்துச் சொல்லுங்க!"

அய்யா எழுந்து வந்து அறைந்தார். என் அண்ணன், உன் புருசன், ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. நீ ஊரில் இருக்கும்வரை நம் வீட்டுக்கு யாரும் நெருப்பும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வண்டி ஏறும்போதும் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "ஏத்தா, அழுகாத. மூக்கு ஒழுகுது பாரு, வார மாப்பிள்ளை பாத்தா ஓடிருவான்" என்றாய். பிறகு கொலுசைக் கழற்றி என் கையில் வைத்தாய். "இது இந்த ஊருத் தண்ணி. இங்கனயே கெடக்கட்டும்."

அண்ணன் உன் பிறந்த வீட்டுக்கு வருவதும் போவதுமாக இருந்தான். திரும்பக் கூட்டி வர மட்டும் அவனுக்குத் துணிவு வரவில்லை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்கு மறு வருசம் நீ போய்ச் சேர்ந்தாய் என்று சேதி வந்தது. பழியைச் சுமந்தபடியே போனாய். எனக்கு ஆறாதது அதுதான்.

போன வாரம் என்ன நடந்தது தெரியுமா? பண்ணையாரின் பேரன் வெள்ளைச் சட்டையும் மைக்குமாக நின்று, வெளியூர்க்காரர்களுக்கு ஊர் வரலாறு சொல்கிறான். "முன்னொரு காலத்தில் தீட்டுப்பட்ட ஒரு பெண் இறங்கியதால் அன்னை மறைந்துவிட்டாள்" என்கிறான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

"மைக்கைக் குடுடா இங்கன."

"அப்பத்தா, இது சாமி விசயம். ஸ்தல வரலாறு புத்தகமாவே போட்டிருக்கோம், வாங்கிட்டுப் போய் யாரையாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க."

"நான் அஞ்சாங்கிளாசு படிச்சவ. உன் புத்தகத்தை இப்பத்தான் வாசிச்சு முடிச்சேன். அதுல வேட்டு எங்கனடா? உங்க தாத்தா வச்ச வேட்டு?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்தால் என்ன, எனக்குத் தொண்டை இல்லையா? "அந்தத் தாயிக்குக் கோவம்னா எங்க மதினி பிள்ளைச் சிரங்கை எதுக்குடா ஆத்துனா? அந்த ஊத்து கடைசியாக் கொணமாக்குனது அவ பிள்ளையத்தேன். அது பேரன் எடுத்து நல்லாருக்கு, தலையில ஒரு தழும்பு கெடையாது. போய்ப் பாத்துட்டு வந்து வரலாறு எழுது!"

அன்று ஊர் கூடியபோது இளவட்டமாக இருந்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது கிழவர்கள். வேட்டுச் சத்தம் கேட்டவர்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவர் வானத்தைப் பார்த்தார். "ஆமா, அவ சொல்றது நெசந்தேன்" என்று ஒரு வார்த்தை வரவில்லை மதினி. அந்தப் பேரனாவது தான் பிறக்காத காலத்துக் கதையைச் சொல்கிறான். இவர்களுக்கு என்ன கேடு?

பாறை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் ஒட்டிய மண்டபம் நிற்கிறது. பஞ்சாயத்துக் குழாயில் வருகிற தண்ணீரைத் தீர்த்தம் என்று பாட்டிலில் கொடுக்கிறார்கள். அதில் போட்டுப் பார்க்கட்டும், எந்த வெள்ளியும் கறுக்காது. அந்த ஊற்றுத் தண்ணீர் இருந்தது என்று காட்ட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த ஒற்றைக் கொலுசின் கறுப்புதான்.

எழுதி முடித்ததும் இதைக் காலில் மாட்டிக்கொள்ளப் போகிறேன். இனிக் கழற்ற மாட்டேன். ஒற்றைக் காலில் கறுப்புக் கொலுசோடு ஒரு கிழவி நடந்தால் பார்க்கிறவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்கட்டும். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, வேட்டுச் சத்தத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லுவேன்.

பேத்தி இப்போதே வந்து நிற்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பத்தா, இது யாரு கொலுசு?" என்கிறாள்.